வாசகர் கேள்விகள்: ஆண்டறிக்கை எழுதுவதில் உள்ள சிக்கல்

ஆண்டின் கடைசி இதழ் நெருங்கினாலே வாசகர் கடிதங்களின் தொனி மாறிவிடுகிறது. மற்ற மாதங்களில் ஐயம் கேட்பவர்கள் இந்த மாதத்தில் தீர்ப்புக் கேட்கிறார்கள். வந்தவற்றைக் கலை, அறிவியல், சமூகம் என்று மூன்று கட்டாகப் பிரிக்க முயன்றேன். பாதிக்கு மேற்பட்டவை எந்தக் கட்டிலும் அடங்காமல், கழிந்துகொண்டிருக்கும் ஆண்டைப் பற்றியே ஏதோ ஒன்றைக் கேட்டன. ஆகவே பிரிக்காமலே விடையளிக்கிறேன்.

கேள்வி: இந்த ஆண்டில் அறிவியலிலும் கலையிலும் நிகழ்ந்தவற்றுள் நிலைத்து நிற்கப் போவது எது? ஒன்றே ஒன்றைச் சொன்னால் போதும், ஐயா.

பதில்: அந்த ஒன்றைத்தான் சொல்ல முடியாது. தெரிந்தும் மறைக்கிறேன் என்று எண்ண வேண்டாம். இந்தக் கேள்விக்கு விடை தேட ஆண்டின் கடைசி மாதத்தைவிடத் தகாத வேளை வேறில்லை என்பது என் நெடுநாள் எண்ணம். அதற்குக் காரணமாக இருப்பவர் தாமஸ் பெல் என்ற ஆங்கிலேயர்.

1858 ஜூலை 1 அன்று லண்டனில், இயற்கை ஆய்வாளர்களின் அமைப்பான லின்னேயன் கழகத்தின் சிறப்புக் கூட்டம் ஒன்று நடந்தது. தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் முந்தைய மாதம் மறைந்ததால் ஒத்திவைக்கப்பட்ட கூட்டம் அது. அதில் படிக்கப்பட்ட கட்டுரைகளோடு, கடைசி நேரத்தில் இரண்டு நண்பர்கள் கொண்டுவந்து சேர்த்த சில தாள்களும் படிக்கப்பட்டன. இயற்கைத் தேர்வின் வழியே உயிரினங்கள் மாறுகின்றன என்ற கருத்தைத் தனித்தனியே எட்டியிருந்த சார்லஸ் டார்வின், ஆல்பிரட் ரசல் வாலஸ் ஆகிய இருவருடைய எழுத்துகள் அவை. இருவருமே அங்கு இல்லை. வாலஸ் மலாய்த் தீவுக் கூட்டத்தில் உயிரினங்களைச் சேகரித்துக்கொண்டிருந்தார். தம் எழுத்து அன்று படிக்கப்படுவதே அவருக்குத் தெரியாது. டார்வினுடைய ஒன்றரை வயதுக் குழந்தை மூன்று நாள் முன்பு காய்ச்சலில் இறந்து, அந்த ஜூலை முதல் நாளில்தான் அடக்கம் செய்யப்பட்டது. சுமார் முப்பது பேர் கூடியிருந்த அறையில் கட்டுரைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்து முடிக்கப்பட்டன. பெரிய விவாதம் ஏதும் எழவில்லை. எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

தலைமை வகித்தவர் பெல். அடுத்த ஆண்டு மே மாதத்தில் அவர் தலைவர் என்ற முறையில் ஆண்டுரை ஆற்றினார். தம் துறையை ஒரேயடியாகப் புரட்டிப்போடும்படியான கண்டுபிடிப்பு எதனாலும் கடந்த ஆண்டு சிறப்புப் பெறவில்லை என்ற பொருள்பட அதில் பேசினார். அதே 1859 நவம்பரில் டார்வினுடைய நூல் வெளிவந்தது.

இந்தக் கதையைச் சொல்லி பெல்லைக் கேலி செய்வது வழக்கம். எனக்கு அவர்மீது சிரிப்பு வருவதில்லை. அவர் மருத்துவமனையில் பல் மருத்துவராகப் பணியாற்றியவர், விலங்கியலில் தேர்ந்தவர். டார்வின் கப்பற்பயணத்திலிருந்து கொண்டுவந்த ஊர்வனவற்றை ஆராய்ந்து எழுதியவரே அவர்தான். கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து நேர்மையாகத்தான் பேசினார். ஜூலை முதல் நாளில் அந்த அறையில் ஒரு நாற்காலிகூட அசையவில்லையே! மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டல், பட்டாணிச் செடிகளைப் பற்றிய தம் ஆய்வை 1865-இல் படித்து, 1866-இல் அச்சேற்றினார். அதன் பொருள் மற்றவர்களுக்கு உறைத்தது 1900-இல். அந்த முப்பத்து நான்கு ஆண்டுகளில் எத்தனை ஆண்டறிக்கைகள் அதைக் குறிப்பிடாமல் கடந்துபோயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் ஆண்டைப் பற்றிக் கேளுங்கள், ஓரளவு துணிந்து சொல்கிறேன். இந்த ஆண்டைப் பற்றி எதைச் சொன்னாலும், எந்தச் செய்தி என் காதில் உரக்க விழுந்தது என்பதைத்தான் சொன்னதாகும். "ஆண்டின் சிறந்த பத்து" என்று வரும் பட்டியல்களும் அப்படித்தான். அவற்றைத் தொகுத்தவர் அந்த ஆண்டில் எதையெல்லாம் படித்தார், எதையெல்லாம் தவறவிட்டார் என்பதை அறிய அவை மிகவும் பயன்படும்.

கேள்வி: ஜனவரி 1 நள்ளிரவில் வானத்தில் உண்மையாகவே ஏதாவது முடிந்து ஏதாவது தொடங்குகிறதா?

பதில்: இல்லை. டிசம்பர் 21 அல்லது 22-ஐ ஒட்டி வட அரைக்கோளத்தில் பகல் மிகவும் குறுகிப் பின்பு வளரத் தொடங்குகிறது. ஜனவரி முதல் வாரத்தில், பெரும்பாலும் 3ஆம் தேதியை ஒட்டி, பூமி சூரியனுக்கு மிக அருகில் வருகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே, வானியலில் ஒரு சிறப்பும் இல்லாத ஓரிடத்தில் ஜனவரி 1 உட்கார்ந்திருக்கிறது.

ஆண்டு என்னும் அளவும் நாம் நினைப்பதுபோல் முழு எண்ணில் அடங்குவதில்லை. பருவங்கள் ஒரு சுற்று வர 365 நாள், 5 மணி, 48 நிமிடம், 45 விநாடி ஆகின்றன. ஜூலியஸ் சீசரின் நாட்காட்டி அதை 365 நாள் 6 மணி என்று வைத்துக்கொண்டது. ஆண்டுக்குப் பதினோரு நிமிடம் என்பது யாருக்கும் உறுத்தாத பிழை. ஆனால் அது நூற்றாண்டுகளாகச் சேர்ந்து சேர்ந்து, கடைசியில் பத்து நாளை வெட்டி எறிய வேண்டியதாயிற்று. புதிய கணக்கை உடனே ஏற்ற நாடுகளில் 1582 அக்டோபர் 4, வியாழன் இரவு உறங்கப் போனவர்கள் அக்டோபர் 15, வெள்ளியன்று கண்விழித்தார்கள். உறக்கத்தில் யாருக்கும் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஓராண்டு ஓடிப் பழைய இடத்துக்கே வந்துவிட்டோம் என்று சொல்கிறோம். பூமி சூரியனைச் சுற்றி ஏறத்தாழ 94 கோடி கிலோமீட்டர் ஓடித் தொடங்கிய புள்ளிக்குத் திரும்புகிறது. ஆனால் அதற்குள் சூரியனே நம்மையும் இழுத்துக்கொண்டு, பால்வெளி மண்டலத்தின் மையத்தைச் சுற்றும் தன் பாதையில் விநாடிக்குச் சுமார் 220 கிலோமீட்டர் வீதம் ஏறத்தாழ 700 கோடி கிலோமீட்டர் நகர்ந்துவிடுகிறது. ஆகவே போன பிறந்தநாளில் நீங்கள் இருந்த இடத்துக்கு இனி எப்போதும் திரும்பப் போவதில்லை. பழந்தமிழில் "யாண்டு" என்ற சொல்லுக்கு வருடம் என்றும் பொருள், "எங்கே" என்றும் பொருள். தற்செயலாக அமைந்த ஒற்றுமையாகவே இருக்கலாம். ஆனாலும் வானியல் தெரிந்த பின்பு அந்தச் சொல்லை என்னால் பழையபடி படிக்க முடியவில்லை.

கேள்வி: வயது ஏற ஏற ஆண்டுகள் வேகமாக ஓடுவதாகத் தோன்றுகிறது. பணி ஓய்வு பெற்று வேலை குறைந்தபின் இன்னும் வேகமாக ஓடுகின்றன. வேலை குறைந்தால் நேரம் மெதுவாகத்தானே நகர வேண்டும்?

பதில்: நகர்வது வேறு, நகர்ந்ததை நினைத்துப் பார்ப்பது வேறு. உங்கள் குழப்பம் இவ்விரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டதில் இருக்கிறது.

பிரெஞ்சு மெய்யியலாளர் பால் ஜானே 1877-இல் இதற்கு ஓர் எளிய கணக்குச் சொன்னார். பத்து வயதுச் சிறுவனுக்கு ஓராண்டு என்பது அவன் வாழ்ந்த காலத்தில் பத்தில் ஒரு பங்கு. அறுபது வயதுக்காரருக்கு அறுபதில் ஒரு பங்கு. ஆகவே அது சிறிதாகத் தோன்றுகிறது. கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் அறுபது வயதில் பல்வலியோடு கழிக்கும் இரவு, பத்து வயதில் கழித்த பல்வலி இரவைவிட ஆறு மடங்கு குறுகியதாகவா இருக்கிறது? 1890-இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் இந்தக் கணக்கை எடுத்துக்காட்டிவிட்டு, இது நடப்பதை வருணிக்கிறதே தவிர விளக்கவில்லை என்ற கருத்தில் எழுதினார். இளமையில் ஒவ்வொரு நாளும் ஏதேனும் புதிதாக நடக்கிறது, நினைவில் தனித்தனியே பதிகிறது. பின்னர் நாள்கள் ஒன்றுபோல ஆகி, நினைவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன என்பது அவர் கருத்து.

இதற்குச் சான்றாக நான் எப்போதும் நினைத்துக்கொள்வது மிஷேல் சிஃப்ர் என்ற இளம் பிரெஞ்சு நிலவியலாளரை. 1962 கோடையில், 23 வயதில், ஆல்ப்ஸ் மலையில் ஒரு குகைக்குள் தன்னந்தனியாக இறங்கி, கடிகாரமோ பகலொளியோ இல்லாமல் ஏறத்தாழ இரண்டு மாதம் இருந்தார். விழித்தவுடனும் உறங்கப் போகும்போதும் மேலே இருந்த குழுவுக்குத் தொலைபேசியில் தெரிவிப்பார். அவர்கள் நேரத்தை மட்டும் சொல்லக் கூடாது என்பது உடன்பாடு. விநாடிக்கு ஓர் எண் என்ற கணக்கில் 1 முதல் 120 வரை எண்ணும்படி வகுத்துக்கொண்ட சோதனையில், இரண்டு நிமிடமாக வேண்டியது ஐந்து நிமிடமாயிற்று. செப்டம்பர் 14 அன்று சோதனை முடிந்துவிட்டது என்று அவரிடம் சொன்னபோது, அவருடைய கணக்கில் தேதி ஆகஸ்ட் 20. இருபத்தைந்து நாள்கள் எங்கோ விழுந்துவிட்டன. குகைக்குள் குளிரும் ஈரமுமாகக் கழிந்த ஒவ்வொரு மணியும் இனிமையாகப் பறந்திருக்க வாய்ப்பில்லை; ஆனாலும் எண்ணிப் பார்க்கும்போது பிடித்துக்கொள்ள அடையாளம் எதுவும் இல்லாததால் அவை சுருங்கிப்போயின.

உங்கள் ஓய்வுக்காலமும் ஏறக்குறைய அப்படித்தான். பிற்பகல் நகர மறுக்கிறது, மாதம் பறந்துவிடுகிறது. முன்பின் அறியாத ஒன்றை, அதுவும் சற்றுக் கடினமான ஒன்றைக் கற்கத் தொடங்குங்கள். ஆயுள் நீளாது. திரும்பிப் பார்க்கையில் இந்த ஆண்டு கொஞ்சம் நீளமாகத் தெரியும்.

கேள்வி: ஒரு துளி விழுவதைக் காண ஐம்பது ஆண்டுக்கு மேல் காத்திருந்து, காணாமலே இறந்த ஆய்வாளரைப் பற்றிப் படித்தேன். அந்த வாழ்க்கையை வீண் என்று சொல்லலாமா?

பதில்: மற்ற வாசகர்களுக்காக: ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்னெல் என்ற இயற்பியல் பேராசிரியர் 1927-இல் தாரைப் போன்ற கருங்கீலைக் காய்ச்சி, அடி மூடிய ஒரு புனலில் ஊற்றினார். மூன்றாண்டு அது படியட்டும் என்று விட்டு, 1930-இல் புனலின் காம்பை வெட்டினார். சுத்தியலால் அடித்தால் கண்ணாடிபோல் சில்லுச் சில்லாகச் சிதறும் பொருள் அது. ஆனால் அது ஒரு திரவம், அதுவும் ஒழுகும் என்று மாணவர்களுக்குக் காட்டுவதே நோக்கம். நீரைவிட ஏறத்தாழ 23,000 கோடி மடங்கு பிசுக்குமை கொண்ட அந்தத் திரவம் எட்டுப் பத்து ஆண்டுக்கு ஒரு துளியாக விழுகிறது.

1961-இல் அதன் பொறுப்பை ஏற்றவர் ஜான் மெயின்ஸ்டோன். 1988-இல் ஒரு துளி பிரியும் தறுவாயில் இருந்தபோது ஏதேனும் குடித்துவிட்டு வரலாம் என்று சில நிமிடம் வெளியே போனார். திரும்பி வருவதற்குள் விழுந்துவிட்டது. 2000-ஆம் ஆண்டில் அதற்கென்றே ஒரு கேமரா வைத்தார். சரியான சமயத்தில் கேமரா பழுதாயிற்று. 2013 ஆகஸ்டில் அவர் காலமானார். அடுத்த ஏப்ரலில் ஒன்பதாவது துளி கீழே கிடந்த எட்டாவது துளியைத் தொட்டு நின்றது. குவளையை மாற்ற முனைந்தபோது பீடம் சற்று ஆட, துளி அறுந்தது. எண்பது ஆண்டுப் பொறுமை கடைசியில் ஒரு கைநடுக்கத்தில் முடிந்ததை நினைக்கும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, அதை அவர் பார்த்திருந்தால் அவரும் சிரித்திருப்பார் என்றும் தோன்றுகிறது.

வீணா என்கிறீர்கள். துளி விழுவதைப் பார்ப்பதற்காக அவர் வாழ்ந்தார் என்று எடுத்துக்கொண்டால்தான் அது வீண். அவர் இயற்பியல் கற்பித்தார், மற்ற ஆய்வுகளைச் செய்தார். அவற்றுக்கு நடுவே, யாரும் கேட்காத ஒரு பொருளைத் தூசியில் தொலைந்துபோகாமல் காத்து அடுத்தவரிடம் ஒப்படைத்தார். அறிவியலில் இப்படிப்பட்ட காவற்பணி ஒன்று உண்டு. பரிசுகள் அதன் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் 1879-இல் இருபது குப்பிகளில் ஈரமணலோடு இருபதுக்கும் மேற்பட்ட செடிவகைகளின் விதைகளை, வகைக்கு ஐம்பதாக, இட்டுப் புதைத்தார். நிலத்தடியில் விதை எத்தனை காலம் உயிரோடிருக்கும் என்பது கேள்வி. ஐந்தாண்டுக்கு ஒன்று என எடுக்கத் தொடங்கி, இடைவெளியைப் பத்தாக்கி, பின்னர் இருபதாக்கிவிட்டார்கள். வெளிச்சம் பட்டால் விதை விழித்துக்கொள்ளும் என்பதால் இரவில்தான் தோண்ட வேண்டும். 2020-இல் எடுக்க வேண்டிய பதினாறாவது குப்பியைப் பெருந்தொற்றினால் ஓராண்டு தள்ளி, 2021 வசந்தத்தில், விடியுமுன் இருட்டில், ஒரு பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு தேடி எடுத்தார்கள். 142 ஆண்டு மண்ணுக்குள் கிடந்த விதைகளில் சில முளைத்தன. கடைசிக் குப்பி 2100-இல் வெளிவரும். அதைத் தோண்டப் போகிறவர் பெரும்பாலும் இன்னும் பிறக்கவில்லை.

கலையிலும் இதன் உறவினர் ஒருவர் இருக்கிறார். டேச்சிங் ஷியே என்ற கலைஞர் நியூயார்க்கில் 1980 ஏப்ரல் 11 முதல் ஓராண்டு முழுவதும், தொழிலாளர் வருகையைப் பதியும் கடிகார இயந்திரம் ஒன்றில் மணிக்கு ஒரு முறை, இரவும் பகலும், தம் அட்டையைப் பதிந்தார். தொடங்கும்போது தலையை மழித்துக்கொண்டார். ஒவ்வொரு முறையும் ஒரு படம் எடுத்துக்கொண்டார். படங்களைத் தொடர்ந்து ஓட்டினால் சில நிமிடங்களில் முடி தோள்வரை வளர்ந்துவிடுகிறது. 8,760 பதிவுகளில் 133 தவறின: 94 உறங்கிவிட்டதால், 29 தாமதமானதால், 10 அவசரப்பட்டு முன்னதாகப் பதிந்ததால். இந்தக் கணக்கை அவரே வெளியிட்டிருக்கிறார். அந்தப் படைப்பில் என்னை மிகவும் தொடுவது இந்தத் தவறிய 133தான். 94 முறை அந்த மனிதர் சற்று உறங்கினார் என்பது ஏனோ நிம்மதி தருகிறது.

கேள்வி: அறிவியல் ஆண்டுதோறும் முன்னேறுகிறது. கலை முன்னேறுகிறதா?

பதில்: இல்லை, முன்னேற வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய காதற்பாட்டு ஒன்றைப் படிக்க அருஞ்சொற்பொருள் தெரிந்தால் போதும். அதே காலத்து மருத்துவக் குறிப்பு ஒன்றை நம்பி மருந்து உண்ண மாட்டோம். அறிவியலில் புதியது பழையதை உண்டு வளர்கிறது. கலையில் இரண்டும் அருகருகே உட்கார்ந்துகொள்கின்றன.

ஆனால் ஒரு தனிக் கலைஞர் ஆண்டுக்கு ஆண்டு எங்கோ போகிறார் என்பது உண்மை. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் தம் முகத்தையே இளமை முதல் முதுமை வரை ஏறத்தாழ நாற்பது முறை வண்ணத்தில் தீட்டினார். அவர் இறந்த 1669-ஆம் ஆண்டில், 63 வயதில் வரைந்த ஒன்று லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. கைகள் இரண்டும் கோத்தபடி சும்மா இருக்கின்றன. வெளிச்சம் முழுவதும் முகத்தின் மீது. ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தபோது, முதலில் கைகள் விரிந்து, ஒன்றில் தூரிகை இருந்தது தெரிந்தது. வரைந்துவிட்டு, பிறகு மனம் மாறித் தூரிகையை அழித்து, கைகளைக் கோத்திருக்கிறார். இளம் ஓவியருக்குத் தாம் ஓவியர் என்று காட்டிக்கொள்ளத் தூரிகை தேவைப்பட்டிருக்கும். இதற்கு முன்னேற்றம் என்று பெயரிடலாமா என்று நான் தயங்குகிறேன், வேறு பெயரும் கிடைக்கவில்லை.

கேள்வி: இயந்திரம் இப்போது ஓவியம் தீட்டுகிறது, கவிதை எழுதுகிறது. இனிக் கலைஞருக்கு என்ன வேலை?

பதில்: ஆன் கவாரா என்ற ஜப்பானியக் கலைஞரை அறிவீர்களா? 1966 ஜனவரி 4 அன்று ஒரே நிறம் பூசிய ஓவியத்துணியில் அன்றைய தேதியை மட்டும் வெள்ளை எழுத்தில் வரைந்தார். 2014-இல் மறையும்வரை ஏறத்தாழ மூவாயிரம் தேதிகளை வரைந்தார். அளவுகோல்கொண்டு, பல அடுக்கு வண்ணம் பூசி, மணிக்கணக்கில் செய்யும் வேலை. நள்ளிரவுக்குள் முடியாவிட்டால் அழித்துவிட வேண்டும் என்பது அவர் தமக்கே விதித்துக்கொண்ட சட்டம். எந்த நாட்டில் இருக்கிறாரோ அந்த நாட்டு மொழியில் தேதி எழுதுவார். அம்மொழி ரோமன் எழுத்தில் இல்லையென்றால் எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் எழுதுவார். ஆகவே தமிழில் ஒரு தேதி அவரிடமிருந்து வர வழியே இல்லாமல் போயிற்று, இதில் எனக்குச் சிறு வருத்தம் உண்டு.

இயந்திரத்தைக் கேட்டால் அதே எழுத்துருவில் பத்தாயிரம் தேதிகளை ஒரு நொடியில் தந்துவிடும், பார்வைக்கு வேறுபாடும் தெரியாது. ஆனால் கவாராவின் ஓவியத்துணியில் எழுதியிருப்பதன் முழுப்பொருள், ஒரு மனிதர் தமக்குத் திரும்பக் கிடைக்காத ஒரு நாளில் பெரும்பகுதியை அதற்குக் கொடுத்தார் என்பதுதான். கொடுப்பதற்கு நாள் இல்லாத ஒன்றால் அதைச் செய்ய இயலாது. எல்லாக் கலையும் இப்படிப்பட்டதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அலங்காரத்துக்காகவும் விளம்பரத்துக்காகவும் வரைந்து பிழைத்தவர்களுக்கு இயந்திரத்தால் வந்திருக்கும் இழப்பு உண்மையானது. அவர்களிடம் போய் கவாராவின் கதையைச் சொல்லி ஆறுதல் கூற எனக்கு வாய் வராது.

கேள்வி: செய்திகளைப் பார்த்தாலே மனம் துவண்டுவிடுகிறது. சமூகம் முன்னேறுகிறதா, சீரழிகிறதா?

பதில்: இரண்டும் நடக்கின்றன, செய்தி என்னும் அளவுகோலில் இரண்டுமே சரியாகத் தெரிவதில்லை. செய்தியின் அலகு ஒரு நாள். பெரிய மாற்றங்கள் பலவும் ஆண்டுக்கணக்கில் அசைகின்றன.

இருபதாம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 30 கோடிப் பேரைக் கொன்றதாக மதிப்பிடப்படும் பெரியம்மை, கடைசியாக இயற்கையில் தொற்றியது 1977 அக்டோபரில், சோமாலியாவில் ஒரு மருத்துவமனைச் சமையற்காரருக்கு. அவர் பிழைத்துக்கொண்டார். 1980 மே மாதத்தில் நோய் ஒழிந்தது என்று உலக சுகாதாரப் பேரவை அறிவித்தது. அன்று அது செய்தி. அதற்குப் பின் வந்த ஒவ்வொரு நாளும் பெரியம்மையால் யாரும் சாகவில்லை என்பது எந்த நாளும் செய்தியாகவில்லை. ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் 1990-இல் உலகெங்கும் 1.2 கோடிக்கு மேல். 2022-இல் ஏறத்தாழ 49 லட்சம். இது பெரிய சாதனை. 49 லட்சத்தை 365-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 13,000-க்கு மேல் வருகிறது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். மனம் தேறட்டும் என்பதற்காக நான் பாதிக் கணக்கை மறைக்க மாட்டேன்.

கெட்டதும் இதே போல ஓசையில்லாமல்தான் வளர்கிறது. அமெரிக்க அறிவியலாளர் சார்லஸ் கீலிங் 1958-இல் ஹவாயில் மௌனா லோவா எரிமலைச் சரிவில் காற்றின் கரியமில வாயுவை அளக்கத் தொடங்கியபோது, அது பத்து லட்சத்தில் 315 பங்கு என்ற அளவில் இருந்தது. முதலில் தெரிந்தது ஏற்ற இறக்கம் மட்டுமே. வட அரைக்கோளத்துச் செடிகொடிகள் தழைக்கும் மாதங்களில் வாயு குறைகிறது, அவை வாடி மக்கும் மாதங்களில் கூடுகிறது; மே மாதத்தில் உச்சம், செப்டம்பரை ஒட்டித் தாழ்வு. இந்த அலை ஆண்டுக்கு ஆறு பங்கு அளவு ஏறி இறங்க, அதனடியில் ஆண்டுக்கு ஒரு பங்குக்கும் குறைவாகவே மொத்த அளவு உயர்ந்துகொண்டிருந்தது. ஓராண்டை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு அலைதான் தெரியும், உயர்வு தெரியாது. பெல்லைப்போல் அவரும் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதுமில்லை என்று எழுதியிருப்பார், தவறென்றும் சொல்ல முடியாது. 1964-இல் நிதி குறைந்து அளவீடு சில மாதம் நின்றது. அந்த இடைவெளி கீலிங்கின் பதிவில் இன்றும் விடுபட்டே இருக்கிறது. இப்போது அளவு 420-ஐத் தாண்டிவிட்டது. நன்மையோ தீமையோ, தொடர்ந்து அளந்துகொண்டே இருக்க ஒருவர் வேண்டும். அவருக்குச் சம்பளம் கொடுக்கத் தயங்கும் சமூகத்தைப் பற்றித்தான் நான் மிகுதியாகக் கவலைப்படுகிறேன்.

கேள்வி: புத்தாண்டுத் தீர்மானம் ஏதும் உண்டா?

பதில்: இருபது ஆண்டுகளாக ஒரே தீர்மானம்தான். நல்ல நிலையில் இருக்கிறது, அதிகம் புழங்கியதில்லை.

கேள்வி: இந்த ஆண்டு முதல் நாட்குறிப்பு எழுத எண்ணுகிறேன். எதை எழுதுவது, எதை விடுவது? பிற்காலத்தில் படித்தால் பயன்பட வேண்டும்.

பதில்: எது பயன்படும் என்று இப்போதே தெரிந்துகொள்ள முடியாது என்பதைத்தான் பெல்லின் கதையிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறேன். ஆகவே முக்கியமானதைத் தேர்ந்து எழுத முயல வேண்டாம். என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன்.

என்னிடம் பழைய நாட்குறிப்புகள் பத்துப் பன்னிரண்டு இருக்கின்றன. இளவயதில் எழுதியவற்றில் கருத்துகளும் உறுதிமொழிகளும் நிறைந்திருக்கின்றன. உலகைப் பற்றி எனக்கிருந்த தீர்ப்புகளைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அவற்றில் ஒன்றையும் இப்போது முழுதாகப் படிக்க முடியவில்லை. நடுவில் ஒரு பக்கத்தில் நான்கே சொற்கள்: "மின்சாரம் இல்லை. இருட்டும்வரை பேசினோம்." அந்தப் பக்கத்தின் ஓரத்தில் மெழுகு சொட்டிய வட்டம் ஒன்று இருக்கிறது, நகத்தால் கீறினால் இன்னும் வழுவழுக்கிறது. அன்று மாலை நல்ல மாலை என்பது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரிகிறது. யாரோடு பேசினேன் என்பது தெரியவில்லை. தமிழில் வினைமுற்றே எழுவாயைச் சுமந்துகொள்ளும் என்பதால், "நாம்" என்றுகூட எழுதாமல் விட்டிருக்கிறேன். அன்று அது எழுதத் தேவையில்லாத அளவுக்குத் தெரிந்த செய்தி. என்னோடு அப்படி உட்கார்ந்து பேசக்கூடியவர்கள் அந்நாளில் மூவர். இருவர் இப்போது இல்லை, மூன்றாமவரைக் கேட்டேன், தாம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

எனவே பெயரை எழுதுங்கள். எந்த அறை, யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார், எதைப் பற்றிப் பேச்சு தொடங்கிற்று என்பதை எழுதுங்கள். தேதியைத் தவறாமல் போடுங்கள். "மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது" என்ற வரியை மட்டும் விட்டுவிடலாம், இடம் மிச்சமாகும்.